கீரையும் தசமப் புள்ளியும்: பொய்யைத் திருத்த வந்த கதைக்கே ஆதாரம் இல்லை!

பாலக்கீரையில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்பது பழைய நம்பிக்கை. "அதெல்லாம் சும்மா. யாரோ ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாத்தி வெச்சுட்டார். அதனாலதான் 10 மடங்கு அதிகமா தெரிஞ்சுது. அதை நம்பித்தான் பாப்பாய் கார்ட்டூன்லயும் கீரை வந்துச்சு" என்பது அதைத் திருத்த வந்த கதை. கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்தத் திருத்தத்துக்கு ஆதாரமே இல்லை.

கதை பரவியது எப்படி?

1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், அறிவியல் மோசடிகள் பற்றி டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற ரத்தவியல் மருத்துவர் எழுதிய கட்டுரையில் இந்தக் கதை இடம்பெற்றது. எங்கிருந்து எடுத்தார் என்ற குறிப்பு அதில் இல்லை. ஆனால், புகழ்பெற்ற மருத்துவ இதழ், எழுதியவரும் டாக்டர். யார் சந்தேகப்படுவார்கள்?

2010-ல்தான் மைக் சட்டன் என்ற பிரிட்டன் குற்றவியல் ஆய்வாளர் அந்தக் கதையின் மூலத்தைத் தேடிப் போனார். புள்ளி தவறியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. 1932-ல் வந்த ஒரு படக்கதையில், கீரை சாப்பிடுவதற்கு பாப்பாய் சொல்லும் காரணமும் இரும்பு அல்ல, வைட்டமின் ஏ! ஹாம்ப்ளினிடமே கேட்டபோது, எங்கே படித்தோம் என்று நினைவில்லை என ஒப்புக்கொண்டார்.

அப்போ உண்மை என்ன?

100 கிராம் பச்சைப் பாலக்கீரையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது ஒன்றும் குறைவில்லை. ஆனால், தாவர உணவில் உள்ள இரும்பை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இது முக்கியம்?

ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டை சந்தேகிக்க இன்றைய தலைமுறை பழகிவிட்டது. ஆனால் "நீங்க நினைக்கிறது தப்பு" என்று தொடங்கும் வீடியோவை அதே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் குறைவு. கட்டுக்கதையை உடைக்கும் தகவல், அதைப் பகிர்பவருக்கு விவரமானவர் என்ற பெருமையையும் சேர்த்தே தருகிறது. அந்தப் பெருமையில் "இதை யார் சொன்னது?" என்ற கேள்வி காணாமல் போகிறது. படித்தவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. மூலத்தைப் பார்க்காமலேயே ஆய்வாளர்கள் இந்தப் புள்ளிக் கதையை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தாண்டதை, நார்வேயைச் சேர்ந்த ஓலே பியோர்ன் ரெக்டால் 2014-ல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டினார்.

எல்லோரும் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியுமா? முடியாது. ஆபீஸ் வேலைக்கு நடுவே மருத்துவ இதழ்களைத் தோண்ட யாருக்கும் நேரமில்லை. ஆனால் மூலத்தைப் பார்த்தது, எங்கோ படித்தது, யாரோ சொன்னது இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல நேரம் தேவையில்லை. மீட்டிங்கில் ஒரு எண்ணைச் சொல்லும்போதும், அப்பாவின் மருந்து பற்றி அறிவுரை சொல்லும்போதும், ஏஐ சாட்பாட் தந்த பதிலை அடுத்தவருக்கு அனுப்பும்போதும் இது பொருந்தும்.

"தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்பவரைத் திறமை குறைந்தவராகப் பார்க்கும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. மாற வேண்டியது அதுதான். புகழ்பெற்ற இதழில் எழுதிய ஒரு டாக்டரே, சுமார் 30 ஆண்டுகள் கழித்து "நினைவில்லை" என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தது. மாதக் கடைசி ரிவ்யூவில் ஜூனியர் ஒருவர் அதையே சொன்னால், அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.