குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், என் புகார் என்ன ஆவது?

கேள்வி: எங்கள் ஊர் உழவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சம்பா நெல்லில் புகையான் விழுந்தது. உள்ளூர்க் கடையில் வாங்கிய மருந்தை இரண்டு முறை அடித்தும் பூச்சி சாகவில்லை. ‘இந்தக் கடையில் போலி மருந்து விற்கிறார்கள், யாரும் வாங்காதீர்கள்’ என்று பாட்டில் படத்தோடு குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் அட்மின் என் பதிவை அழித்து, என்னையும் நீக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அவர் மீது எங்கே புகார் கொடுப்பது?
– பாகூர் பகுதி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. ஒன்று மருந்தைப் பற்றியது, இன்னொன்று அட்மினைப் பற்றியது. முதலில் மருந்தைப் பார்ப்போம். பயிர் காத்திருக்காது.

மருந்து வேலை செய்யவில்லை என்பது வேறு. மருந்து போலி என்பது வேறு. புகையான் நெல்லின் தூர்ப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். தோகையின் மேல் அடித்த மருந்து அதைத் தொடவே தொடாது. வயல் நீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, தூரில் படும்படி அடிக்க வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற சில மருந்துகளுக்குப் பல இடங்களில் இந்தப் பூச்சி பழகிவிட்டது. பைரித்ராய்டு வகை மருந்துகளோ புகையானைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். யூரியா கூடிப்போனாலும் இதே கதைதான். ஆகவே அடித்த மருந்தின் பெயர், அளவு, அடித்த முறை மூன்றையும் எழுதிக்கொண்டு உங்கள் பகுதி உழவர் உதவியகத்துக்கு இன்றே போங்கள்.

அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லையா? பில், பேட்ச் எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, மிச்ச மருந்துள்ள பாட்டில் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி, கடையில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிமருந்து ஆய்வாளருக்கு உண்டு. நீங்கள் திறந்துவிட்ட பாட்டிலைவிட, கடையில் அதே பேட்ச் எண்ணில் முத்திரை உடையாமல் இருக்கும் பாட்டில்தான் வலுவான சாட்சி. அது விற்றுத் தீருமுன் புகார் போய்ச் சேர வேண்டும்.

இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. பில் இல்லாவிட்டால் வழக்கு நொண்டும். கடனுக்கு வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

இனி அட்மின். அவரைத் தண்டிக்கத் தனியாக ஓர் அலுவலகம் கிடையாது. வாட்ஸ்அப் போன்ற பெரிய நிறுவனம் உங்கள் கணக்கையே முடக்கினால், 2021ஆம் ஆண்டின் விதிகள்படி அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஆனால் ஊர்க் குழுவின் அட்மின் ஒருவரை நீக்குவது அந்த விதிகளுக்குள் வராது. அது ஊருக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்புக்கு நான்தான் அட்மின். யாரோ போடும் தவறான செய்திக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா? பயத்தில் எதைப் பார்த்தாலும் அழித்துவிடுகிறேன். எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள்.
– வில்லியனூர் பகுதி வாசகி

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2012 அக்டோபரில், அப்போதைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக, நம் புதுச்சேரியிலேயே ஒரு சிறுதொழில் முனைவர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பயன்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று தள்ளிவிட்டது.

அட்மின் பொறுப்பைப் பற்றியும் தீர்ப்புகள் வந்துவிட்டன. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அவரோடு சேர்ந்து திட்டமிடாத அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை 2021இல் சொன்னது. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் வழக்கில், அட்மினாக இருந்தது மட்டுமே செயலென்றால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. புதுச்சேரியும் அந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் இதே வழியில் தீர்ப்பளித்தது. ஆனால் நீங்களே தவறான செய்தியைப் போட்டாலோ, பரப்பினாலோ, அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதற்காக எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் அந்தப் பீதியைக் கிளப்பியிருந்தது. அப்படிப்பட்ட செய்தியை உடனே அழியுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆனால் மருந்து கேட்கவில்லை, விதை முளைக்கவில்லை, எடையில் குறைக்கிறார்கள் என்று வரும் பதிவு வேறு வகை. அதை அழித்தால் அடுத்த வீட்டுக்காரரும் அதே பாட்டிலை வாங்கிக்கொண்டு போவார். உங்களுக்கு வம்பு இல்லை, நட்டம் அவருக்கு.

எல்லா ஊர்க் குழுக்களுக்கும் நான் சொல்லும் யோசனை இது:

1. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று நாலு வரி எழுதி, குழுவின் விவரப் பகுதியில் வையுங்கள்.

2. அட்மின் மூன்று பேராக இருக்கட்டும். அதில் ஒருவராவது உரக்கடையோ வியாபாரமோ நடத்தாதவராக இருக்க வேண்டும்.

3. ஒரு பதிவை அழித்தால், போட்டவரிடம் அன்றைக்கே காரணம் சொல்லுங்கள்.

4. முதல் தடவை எச்சரிக்கை. நீக்குவது கடைசி வழி. அதையும் ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது.

5. நீக்கப்பட்டவர் முறையிட்டால், ஒரு வாரத்துக்குள் நேரில் உட்கார்ந்து பேசித் தீருங்கள்.

பாகூர் நண்பருக்கும் ஒரு வார்த்தை. பரிசோதனை முடிவு வருமுன் ‘போலி’ என்று கடைப் பெயரோடு எழுதினால், கடைக்காரர் அவதூறு வழக்குப் போட இடமுண்டு. உண்மையில் மருந்து சரியாக இருந்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பும் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இன்ன தேதியில், இன்ன பேட்ச் எண்ணுள்ள, இன்ன மருந்தை ஏக்கருக்கு இவ்வளவு அடித்தேன். புகையான் குறையவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? உழவர் உதவியகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.’ இதில் பொய்யில்லை, பழியில்லை. எந்த அட்மினுக்கும் இதை அழிக்கக் காரணம் கிடைக்காது. இந்த வாசகத்தைத் தாளில் எழுதி, அட்மினிடம் நேரில் கொடுத்து, மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள்.

பயிர்ச் சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு மையம்: 1800 180 1551. நுகர்வோர் புகார்களுக்குத் தேசிய உதவி எண்: 1915. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.