பெற்றோருக்குப் பின் யார்?



அறிவுத்திறன் குறைந்த மகனுக்கு வயது நாற்பது, தாய்க்கோ எழுபது. “எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?” என்ற கேள்வி நம் பங்குகளில் பல வீடுகளில் உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, குறைந்தது 40 விழுக்காடு ஊனம் உடையோருக்கு அரசு வீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு, பெண்களுக்கு முன்னுரிமை. ஆனால் நடுவண் அரசின் ஓய்வூதியத்திற்கு 80 விழுக்காடு ஊனம் இருக்க வேண்டும். குடும்பமும் வறுமைக்கோட்டிற்குக் கீழ் இருக்க வேண்டும். 2012-இல் உயர்த்தப்பட்டபோது அத்தொகை மாதம் 300 ரூபாய். மாநில அரசுகள் தருவது தனி.

இங்கேதான் சிக்கல். பதினெட்டு வயது நிறைந்தவரைச் சட்டம் தனி மனிதராக ஏற்கிறது. உதவி என்று வரும்போதோ குடும்பத்தின் நிலையைப் பார்க்கிறது. மறுபுறம், பதினெட்டு நிறைந்தபின் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆவதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முக ஊனம் உடையோருக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும்.

எனவே பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஊனச் சான்று, வங்கிக் கணக்கு, பாதுகாவலர் நியமனம், வீட்டு விண்ணப்பம் ஆகியவற்றை முடிப்பது நல்லது. முதிய தாயால் தனியே அலுவலகங்களுக்கு அலைய முடியாது. யார் வீட்டில் இத்தேவை உள்ளது என்பதை நம் அன்பியங்கள் அறியும். மனு எழுதித் தந்து, உடன் சென்று, பதில் வரும்வரை தொடர்வோம். பிறருக்கு உரியதைப் பெற்றுத்தருவதும் இரக்கச் செயலே.