சுவரைச் சொல்லாத சொல்

பாரிவாக்கத்தில் காய்ச்சி ஆறவைத்த பாலில் உறைமோர் இடும் தாய், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைத் தன் கையாலேயே குடியேற்றுகின்றாள். பாலின் வெல்லத்தைக் காடியாக்கித் தயிராய் உறையச் செய்வன அவையே. அவற்றை அவள் மகன் பாடநூலில் ‘கிராம் நேர் பாக்டீரியா’ என்று படிக்கின்றான். கிராம் என்றதும் அவன் நினைவுக்கு வருவது கடையிலுள்ள எடைக்கல். நேர் என்றதும் வருவது மின்னேற்றம். இரண்டும் பிழை. பிழை அவனதன்று, பெயரது.

கிராம் என்பது ஓர் ஆளின் பெயர். தென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஆன்சு கிறித்தியன் கிராம், 1884ஆம் ஆண்டில் ஒரு சாயமுறையை வெளியிட்டார். நுண்ணுயிர்களுக்கு ஊதாச் சாயம் ஏற்றி, அயோடினால் நிலைப்படுத்தி, எரிசாராயத்தால் கழுவுவது அம்முறை. சாயம் நின்றவை ‘நேர்’ என்றும், நீங்கியவை ‘எதிர்’ என்றும் பெயர் பெற்றன. அப்பெயர் சாயத்தைச் சொல்லிற்று. அது நின்றதன் காரணத்தைச் சொல்லவில்லை.

காரணம் சுவரில் உள்ளது. ஒரு மில்லிமீட்டரைப் 10 நூறாயிரம் கூறாக்கினால், ‘நேர்’ வகையின் சுவர் அவற்றுள் ஏறத்தாழ 20 முதல் 80 கூறு தடிப்புடையது. வெல்லச் சரங்களைக் குறும்புரதத் துண்டுகள் குறுக்கே பிணைத்த வலைகள், அடுக்கடுக்காய் அமைந்ததே அச்சுவர். எரிசாராயம் பட்டதும் வலை சுருங்க, சாயம் உள்ளேயே சிறைப்படுகின்றது. ‘எதிர்’ வகைக்கோ சுவர் மெல்லியது. அதன்மேல் கொழுப்பாலாகிய புறப்படலம் ஒன்றுண்டு. எரிசாராயம் அப்படலத்தைக் கரைக்கச் சாயம் வெளியேறுகின்றது.

தடித்த சுவரினூடே ஓடும் ஒரு பொருளை மேலையர் ‘தெய்க்கோயிக்கு’ அமிலம் என்பர். மாணவன் மூச்சுமுட்ட மனப்பாடம் செய்யும் அச்சொல்லின் கிரேக்க வேர்க்குப் பொருள் மதில் என்பதே! மேலையர் தமக்குத் தெரிந்த மதிலைச் சொல்லில் வைத்தனர். தமிழன் அதனை ‘மதிற்காடி’ என்றால் மட்டும் குறுகிய நோக்கென்று பழிப்பது என்ன முறை?

பெயரில் என்ன உள்ளது என்பார் உளர். பெனிசிலின் மருந்து அச்சுவரின் குறுக்குப் பிணைப்பையே தடுக்கின்றது. சுவர் தளர்ந்து நுண்ணுயிர் வெடித்து மாய்கின்றது. மாந்தர் உடற்கலங்களுக்கு அத்தகைய சுவரே இல்லை. சுவரை அறிந்தவனுக்கு மருந்தின் வேலையும் விளங்கும். ஆய்வறிக்கையில் ‘கிராம் பாசிட்டிவ்’ என்று கண்டு, கொடுநோய் உறுதியாயிற்றென நடுங்கும் பெற்றோர்க்கும், அது நுண்ணுயிரின் வகையைக் குறிக்கும் சொல்லே என்பது தெளியும்.

ஆகலின் சுவரைக் கொண்டே பெயரிடுக. தடித்த சுவருடையது தடிச்சுவரி, மெல்லியது மென்சுவரி. என்புருக்கி நோயைத் தருவது மெழுகு போன்ற கொழுப்பு மிக்க சுவருடையது. கிராமின் சாயம் அதனிற் செவ்வனே பற்றாது. அது மெழுகுச்சுவரி. மைக்கோபிளாசுமா என்பதற்குச் சுவரே இல்லை. தடிச்சுவரிகளின் வழித்தோன்றலாயினும் சாயம் நில்லாமையால் ‘எதிர்’ப் பக்கம் போய் நிற்கின்றது. பெனிசிலின் அதனிடம் செல்லாது; தாக்குதற்குச் சுவர் வேண்டுமன்றோ! அது சுவரிலி. சாயப்பெயர் தடுமாறும் இடத்திலும் தமிழ்ப்பெயர் தடுமாறாது.

இஃது இயலுமோ என்று ஐயுறுவார் யாழ்ப்பாணத்தை நோக்குக. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் மறைந்ததும் அதே 1884இல்தான். கிராமின் சாயமுறை வெளிவருமுன்பே தமிழ் மருத்துவர்களை உருவாக்கிய மொழி இது. அயலார் ஒருவர்க்கு இயன்றது, தமிழ்ப் பாடநூல் எழுதும் தமிழர்க்கு இயலாதோ?

உயர்கல்விக்கு அயற்பெயர் வேண்டுமெனின் தமிழ்ப்பெயரின் பக்கத்திலேயே அதனையும் அச்சிடுக. பொருள் முதலில் தாய்மொழியில் வேரூன்றட்டும். பாரிவாக்கத்து மாணவன், தன் வீட்டுத் தயிரில் வாழ்வது தடிச்சுவரி என்று தன் தாய்க்குச் சொல்லி விளங்கவைக்கும் நாளிலேதான் அறிவியல் அவ்வூருக்குள் வந்ததாகும்.