எத்தனை மடங்கு என்று கேட்பவர்களுக்கு

ஒருமுறை கொரோனா தொற்றியவர் பிறகு தொற்றாதவராக ஆகிவிட முடியாது. ஆகவே இதுவரை தொற்றுக்கு ஆளானவர்களின் விகிதம் ஏறலாம், அப்படியே நிற்கலாம், இறங்க வழியில்லை. ஆனால் தமிழகப் பொது சுகாதாரத் துறையின் செரோ ஆய்வில் அது இறங்கியது. 2020 அக்டோபர், நவம்பரில் நடந்த முதல் சுற்றில் 31.6 விழுக்காட்டினரிடம் ஆன்டிபாடி இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2021 ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில் விகிதம் 30-க்கும் கீழே போனது. இரண்டாம் அலை வீதிக்கு வீதி ஏறிக்கொண்டிருந்த மாதம் அது.

இதில் புதிர் எதுவும் இல்லை. மாதங்கள் செல்லச் செல்ல ரத்தத்தில் ஆன்டிபாடி குறையும். ஒரு கட்டத்தில் அது சோதனைக் கிட்டின் கண்ணுக்குத் தப்பிவிடும். தொற்றி மீண்டவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் சுற்றில் நெகட்டிவ் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். இதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இருந்தும் 'உண்மையில் எத்தனை பேருக்குத் தொற்றியது?' என்று யாராவது கேட்டால், செரோ ஆய்வின் விழுக்காட்டை மக்கள்தொகையால் பெருக்கி, அரசு அறிவித்த எண்ணிக்கையால் வகுத்து, 'இத்தனை மடங்கு' என்று சொல்லிவிடுகிறோம். முதல் சுற்றை வைத்து, மாநிலத்தில் குறைந்தது 2.26 கோடிப் பேர் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம், அது உறுதிசெய்யப்பட்ட எண்ணிக்கையைப் போல் ஏறத்தாழ 36 மடங்கு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அவர்களுடைய கட்டுரையில் வரம்புகளும் அனுமானங்களும் இருந்தன. ஊடகத்துக்கும் ஆய்வுக் கூட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது மடங்கு மட்டும்தான்.

பெருந்தொற்றில் மொத்தத் தொற்று என்பது நேரடியாக அளந்து எடுக்கும் எண் அல்ல. படிப்படியாகக் கணக்கிட்டு எடுப்பது. அந்தப் படிகளை மறைத்து விடையை மட்டும் வெளியிடும் பழக்கத்தை நம் துறை கைவிட வேண்டும்.

முதல் படி கிட். ஆயிரம் பேர் உள்ள ஒரு ஊரில் 10 பேருக்குத் தொற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டின் உணர்திறன் 90 விழுக்காடு, குறிப்புத்திறன் 98 விழுக்காடு. தொற்றிய 10 பேரில் 9 பேரை அது பிடிக்கும். தொற்றாத 990 பேரில் ஏறத்தாழ 20 பேரையும் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். முடிவில் 29 பாசிட்டிவ், விகிதம் 2.9 விழுக்காடு, உண்மையைப் போல் மூன்று மடங்கு. அதே கிட்டை 300 பேருக்குத் தொற்றிய ஊருக்குக் கொண்டுபோனால் 284 பாசிட்டிவ் வரும். இப்போது விகிதம் உண்மையைவிடச் சற்றே குறைவு. கிட் மாறவில்லை, பிழையின் திசையே மாறிவிட்டது. 1978-இல் ரோகனும் கிளாடனும் தந்த திருத்தச் சூத்திரம் இதைச் சரிசெய்யும். ஆனால் அதற்குள் நாம் போடும் குறிப்புத்திறன் எண் நம்பகமானதாக இருக்க வேண்டும்.

அது தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா ஆய்வே பாடம். 2020 ஏப்ரலில், பெரும்பாலும் ஃபேஸ்புக் விளம்பரம் வழியாகத் திரட்டிய 3,330 பேரைச் சோதித்ததில் 50 பேர் பாசிட்டிவ். அங்கே உண்மைத் தொற்று அறிவித்ததைப் போல் 50 முதல் 85 மடங்கு என்று முதல் வரைவு சொன்னது. கிட்டைச் சரிபார்த்தபோது, தொற்றில்லாத 401 மாதிரிகளில் 2 தவறாகப் பாசிட்டிவ் காட்டியிருந்தன. அதாவது குறிப்புத்திறன் 99.5 விழுக்காடு. அது 98.5 ஆக இருந்திருந்தால் அந்த 50-உம் பொய்யான பாசிட்டிவாக இருக்க முடியும். 401 மாதிரிகளை மட்டும் வைத்து இந்த இரண்டு எண்களையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, காய்ச்சல் வந்து போனவர்கள்தான் இலவசச் சோதனைக்கு முந்திக்கொண்டு வந்திருப்பார்கள் என்ற சந்தேகமும் எழுந்தது. அதற்கு அடுத்த மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய முதல் தேசிய ஆய்வில், ஒரு எலைசா கிட்டில் பாசிட்டிவ் வந்த மாதிரிகளை இன்னொரு எலைசாவில் மறுபடி சோதித்தார்கள். தொற்று 0.73 விழுக்காடாக இருந்த காலத்தில் அந்த இரண்டாம் சோதனைக்குச் செய்த செலவு வீணில்லை.

இரண்டாம் படி மாதிரி. தமிழக ஆய்வின் முதல் சுற்றுக்கு 888 கொத்துகள், கொத்துக்கு 30 பேர் என்று திட்டம். களத்தில் கிராம சுகாதார செவிலியரும் ஆய்வக நுட்புநரும் கதவைத் தட்டும்போது சில வீடுகள் பூட்டியிருக்கும். சில வீடுகளில் 'ரத்தமெல்லாம் வேண்டாம்' என்பார்கள். வேலைக்குப் போன ஆண்கள் மாலையில்தான் திரும்புவார்கள். பக்கத்து வீட்டில் ஆள் பிடித்துக் கொத்தை நிரப்பிவிட்டால் அறிக்கையில் குறை தெரியாது. தவறியவர்கள் யார் என்பதும் தெரியாமல் போய்விடும். சராசரியும் இப்படித்தான் மறைக்கும். அதே சுற்றில் நீலகிரி 11.1 விழுக்காடு, பெரம்பலூர் 51. மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் எடுத்த ஆய்வில், குடிசைப்பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஆன்டிபாடி இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினரிடம்தான். இவற்றின் சராசரியை வைத்து எந்த வார்டுக்கும் திட்டம் போட முடியாது.

மூன்றாம் படி தடுப்பூசி. 2021-க்குப் பிறகு ஆன்டிபாடியைத் தந்தது நோயா ஊசியா என்ற கேள்வி வந்துவிட்டது. கோவிஷீல்டு ஸ்பைக் புரதத்தை மட்டும் காட்டுவதால், நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடியைத் தேடினால் இயற்கைத் தொற்றைத் தனியே பிரிக்கலாம். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதைப் போட்டவர்களிடம் அந்த வழி அவ்வளவு எளிதாகச் செல்லாது. ஆகவே எந்த ஊசி, எப்போது போட்டார் என்று கேட்காமல் எடுத்த ரத்த மாதிரி பாதி மாதிரிதான்.

இவ்வளவு கவனத்தோடு திருத்திய எண்ணும் கேடயமாகிவிடக் கூடாது. பிரேசிலின் மனாஸ் நகரில் ரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளை வைத்து, 2020 ஜூனில் 44 விழுக்காட்டினரிடம் ஆன்டிபாடி இருப்பதாகக் கண்டார்கள். ஆன்டிபாடி தேய்வதையும் கணக்கில் எடுத்து, ஜூனில் 66, அக்டோபரில் 76 விழுக்காட்டினருக்குத் தொற்றியிருக்கும் என்று திருத்தினார்கள். 2021 ஜனவரியில் அதே நகரின் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. காமா திரிபு, குறைந்த எதிர்ப்பாற்றல், தானம் செய்வோர் நகர மக்களின் சரியான மாதிரி அல்ல என்ற வாதம் எனக் காரணங்கள் பல பேசப்பட்டன. டெல்லியில் 2021 ஜனவரிச் சுற்று 56 விழுக்காடு காட்டியது. ஏப்ரலில் அங்கும் ஆக்சிஜனுக்கு அலைந்தார்கள். எத்தனை பேருக்குத் தொற்றியது என்பது கடந்த காலத்தின் கணக்கு. இனி எத்தனை பேர் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று அது சொல்லாது.

இறப்பு விகிதத்திலும் எச்சரிக்கை தேவை. தமிழக ஆய்வு தந்த தொற்று இறப்பு விகிதம் 0.052 விழுக்காடு. இந்தப் பின்னத்தில் கீழே இருக்கும் எண் செரோ ஆய்வால் திருத்தப்பட்டது. மேலே இருப்பது அறிவிக்கப்பட்ட இறப்பு. ஒன்றை மட்டும் திருத்தினால் நோய் உண்மையைவிடச் சாதுவாகத் தெரியும். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலக அளவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1.49 கோடி இறப்புகள் நேர்ந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது; அறிவிக்கப்பட்ட கொரோனா இறப்புகளோ அதில் பாதிகூட இல்லை. தொற்றைத் திருத்தும் கை இறப்புப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று வரும் முன் செய்ய வேண்டியவை சில. மாவட்டந்தோறும் ரத்த வங்கிகளிலும் டெங்கு கண்காணிப்பிலும் சேரும் ரத்தத்தில் ஒரு பகுதியை, ஒப்புதலோடும் பெயர் நீக்கியும் உறையவைத்துச் சேமிக்க வேண்டும். புதிய கிட் வந்தவுடன் அதன் குறிப்புத்திறனை நம் மக்களின் பழைய மாதிரிகளிலேயே பார்த்துவிடலாம். மருத்துவமனையில் படுத்தவர்களின் ரத்தத்தை வைத்து மட்டும் உணர்திறனைச் சொல்லக் கூடாது. வீட்டிலேயே இருமி மீண்டவரின் மாதிரியும் அதில் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு குழுவினரை மறுபடி தேடிப்போய் ரத்தம் எடுத்தால், தேய்மானத்தின் வேகம் ஊகமாக இல்லாமல் அளவாகக் கிடைக்கும்.

ஆய்வுக் கூட்டத்தில் ஆட்சியர் ஒரே எண்ணைக் கேட்பார். கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் சேர்த்தே சொல்லுங்கள். எந்தத் தேதிகளில் எடுத்த ரத்தம் என்பதையும் சொல்லுங்கள். ஆன்டிபாடி உருவாக இரண்டு வாரம்போல ஆகும் என்பதால், இன்றைய முடிவு அதற்கு முந்தைய நிலவரத்தைத்தான் காட்டுகிறது.

இனி இந்த இதழுக்கு வரும் செரோ ஆய்வுக் கட்டுரைகளில் நான்கு விவரங்கள் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும்: திருத்தாத விழுக்காடு, திருத்தியதும் அதன் வரம்பும், கிட்டின் பெயரும் அது எந்த மாதிரிகளில் சரிபார்க்கப்பட்டது என்பதும், பூட்டிய வீடுகள், மறுத்தவர்கள் எத்தனை என்பது. இந்த அட்டவணை இல்லாத கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்ப மாட்டோம்.