வங்கி விற்பதற்கு முன் நீங்கள் விற்றுவிடுங்கள்

“என்ன ஆனாலும் வீட்டை மட்டும் வித்துடாதீங்க சார். பாங்க்காரன் வந்தா பாத்துக்கலாம்.” ஹைதராபாத்தின் தார்நாகாவில் தவணை தவறியவருக்கு முதலில் கிடைக்கிற அறிவுரை இதுதான். ரயில்வே வேலைக்கும் ஆய்வக வேலைக்கும் வந்து, சேமநிதியைப் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கி இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இது காதில் தேனாகப் பாய்கிறது. கையில் மிஞ்சக்கூடிய பணத்தையும் அழிக்கிற அறிவுரை இது என்பதே என் கட்சி.

வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் இழுக்கலாம் என்கிறார்கள். வங்கிதான் நீதிமன்றம் போக வேண்டும் என்றிருந்த காலத்துப் பேச்சு அது. 2002-இல் சர்ஃபேசி சட்டம் வந்தது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போகலாம்தான். வங்கி நடைமுறை தவறியிருந்தால் அங்கே நியாயம் கிடைக்கும். ‘இப்போது பணமில்லை’ என்பது அங்கே வாதமாக நிற்காது. அங்கே தோற்று மேல்முறையீடு செய்ய நினைத்தால், கடன் பாக்கியில் பாதியை முன்கூட்டிக் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனது வைத்தாலும் கால் பங்குக்குக் கீழே குறைக்க முடியாது. அந்தப் பணம் இருந்தால் தவணையே தவறியிருக்காதே!

இதைவிட ஆபத்தானது, “ஏலத்துக்கு முந்தின நாள் கட்டி மீட்டுக்கலாம்” என்ற நம்பிக்கை. ஒரு காலத்தில் இது சரி. 2016-இல் 13(8) பிரிவைத் திருத்திவிட்டார்கள். முழுப் பாக்கியையும் செலவுகளோடு சேர்த்து, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். அறிவிப்பு வெளியானதும் மீட்கும் உரிமை போய்விடுகிறது என்று பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரில் நிலத்தை விற்றுப் பணத்தோடு ஓடிவருகிறவர், அறிவிப்புக்கு மறுநாள் வந்தால் சட்டப்படி அந்த உரிமையைக் கோர முடியாது.

“அடமானத்துல இருக்கற வீட்டை யார் வாங்குவா?” என்று கேட்கிறார்கள். தினமும் வாங்குகிறார்கள். கிளைக்குப் போய், இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். வங்கியிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலையும் கேளுங்கள். இரண்டையும் காட்டினால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். அவர் தரும் விலையில் பாக்கித் தொகை நேராக உங்கள் கடன் கணக்குக்குப் போகிறது, மீதி உங்களுக்கு. அவரும் கடனில்தான் வாங்குகிறார் என்றால் அவருடைய வங்கியே உங்கள் கடனை அடைக்கும். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. கடன் முழுதாகத் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு நீங்கியதா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு விற்பதானால் வங்கியின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். அதனால்தான் நோட்டீஸுக்கு முன்பே விற்கச் சொல்கிறேன்.

“சாவியைக் குடுத்துட்டா கடனும் போச்சு” என்பதும் பொய். ஏலத்தில் வீடு ‘உள்ளது உள்ளபடி’ போகிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா, பராமரிப்புப் பாக்கி எவ்வளவு, வழக்கு உண்டா என்ற பயத்தையெல்லாம் கழித்துத்தான் ஏலம் கேட்பவர் விலை சொல்வார். ஒரு பேச்சுக்கு, பாக்கி 50 லட்சம், வெளியில் 70 லட்சம் போகும் வீடு ஏலத்தில் 52-க்குப் போனால், ஏலச் செலவு போக உங்களுக்கு என்ன மிஞ்சும்? 45-க்குப் போனால் குறைகிற பணத்தையும் உங்களிடமே வசூலிக்க 13(10) பிரிவு வழி செய்கிறது.

கடைசியாக, மானம். எங்கள் தெருவில் ஒரு ஃபிளாட்டின் வாசல் கதவில் கையகப்படுத்தும் அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் டேப். கடன்காரர் பெயர், பாக்கித் தொகை பைசா வரைக்கும், கிழக்கே யார் வீடு, மேற்கே எந்த வழி என்று நான்கு எல்லை. பால் பாக்கெட் போடும் பையன் நின்று படித்துக்கொண்டிருந்தான். இதே அறிவிப்பு இரண்டு செய்தித்தாள்களில் வர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். நீங்களே விற்றால் கதவில் எதுவும் ஒட்டமாட்டார்கள்.

வருமானத் தடை சில மாதத்துக்குத்தான் என்றால் விற்க வேண்டாம்; தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி இன்றே எழுதிக் கேளுங்கள். வேலை போய், திரும்பக் கிடைக்கும் வழியும் தெரியவில்லை என்றால் மூன்றாவது தவணை தவறும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கிளைக்குப் போய்ப் பாக்கிக் கணக்கை எழுத்தில் வாங்கி வாருங்கள்.