உங்க புராஜெக்ட்டின் பேக்கேஜ் லிஸ்ட்டைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?

2016 மார்ச்சில் ஒருநாள், உலகம் முழுக்க ஏகப்பட்ட சாஃப்ட்வேர் புராஜெக்ட்டுகள் திடீரென பில்டு ஆகாமல் நின்றன. காரணம், 'லெஃப்ட்-பேட்' என்ற ஒரு குட்டி பேக்கேஜ். மொத்தமே 11 வரி கோட்! ஒரு சொல்லின் இடப்பக்கம் தேவையான அளவு இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்ப்பதுதான் அதன் வேலை. பெயர் தொடர்பான தகராறில், அதை எழுதியவர் தன் பேக்கேஜ்களை எல்லாம் என்பிஎம் தளத்திலிருந்து நீக்கிவிட்டார். 'பேபல்' போன்ற பிரபல டூல்களே மறைமுகமாக அதைச் சார்ந்திருந்ததால், லெஃப்ட்-பேட் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் அடி விழுந்தது.

இதுதான் டிபென்டென்சி. நாம் எழுதாத, ஆனால் நம் ஆப் நம்பி ஓடுகிற அடுத்தவர் கோட். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் என்றால், அதன் பட்டியல் 'பேக்கேஜ்.ஜேசன்' ஃபைலில் இருக்கும். இந்த ஃபைலைச் சுத்தமாக வைத்திருப்பதை அழகு சார்ந்த விஷயமாகவே பல டீம்கள் நினைக்கின்றன. என்னைக் கேட்டால், அது பாதுகாப்பு சார்ந்த விஷயம்.

ஒவ்வொரு வரியும் ஒரு ஆட்டோபே

ஃப்ரீ ட்ரையலுக்காக ஆட்டோபே போட்டுவிட்டு மறந்துபோன ஆப்கள் நம்மில் பலருக்கு உண்டு. டிபென்டென்சியும் அப்படித்தான். என்றைக்கோ ஒரு ஃபீச்சருக்காகச் சேர்த்திருப்போம். ஃபீச்சர் போய்விடும், வரி மட்டும் அங்கேயே இருக்கும். அந்த வரி இருக்கும்வரை, முன்பின் தெரியாத ஒருவரின் கோட் உங்கள் லேப்டாப்பிலும் சர்வரிலும் நுழைய அனுமதி தொடர்கிறது.

அனுமதி தவறான கைக்குப் போனால்? 2018-ல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' பேக்கேஜைப் பராமரிக்க நேரமில்லாத அதன் டெவலப்பர், உதவ முன்வந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். புதியவர் அதில் ஒரு புது டிபென்டென்சியைச் சேர்த்தார். 'கோபே' என்ற பிட்காயின் வாலட்டிலிருந்து பணத்தைத் திருடும் கோட் அதற்குள் ஒளிந்திருந்தது. 2025 செப்டம்பரில் இன்னொரு சம்பவம். போலி மின்னஞ்சலில் ஒரு டெவலப்பரின் கணக்கே பறிபோக, 'சாக்', 'டீபக்' உள்ளிட்ட மிகப் பிரபலமான பேக்கேஜ்களில் கிரிப்டோ திருடும் கோட் ஏறியது.

'ஓடுறதை ஏன் தொடணும்?'

டீம் மீட்டிங்கில் வழக்கமாக வரும் கேள்வி இது. நியாயமான பயம்தான். ஆனால், தொடாமல் விட்டாலும் ஆபத்துதான். 2021 டிசம்பரில் ஜாவா உலகின் 'லாக்4ஜே' நூலகத்தில் மிக மோசமான ஓட்டை வெளியானபோது, நிறுவனங்கள் முதலில் திணறியது பேட்ச் போடுவதில் அல்ல. 'இது நம்மகிட்ட எங்கெல்லாம் இருக்கு?' என்று கண்டுபிடிப்பதில்தான். பட்டியல் குப்பையாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நாள் கணக்காகும்.

அதற்காக, வருகிற அப்டேட்டை எல்லாம் உடனே ஏற்றுவதும் சரியல்ல. மேலே சொன்ன 2025 சம்பவத்தில் விஷம் வந்ததே புது வெர்ஷன் வழியாகத்தான்.

என்ன பண்ணலாம்?

* காலாவதியானதை நீக்குங்க: லெஃப்ட்-பேட் செய்த வேலையை இன்று ஜாவாஸ்கிரிப்ட்டின் 'பேட்ஸ்டார்ட்' செய்துவிடும். 2017 முதலே மொழியிலேயே இருக்கிறது. 'மொமென்ட்.ஜேஎஸ்' பேக்கேஜைப் புது புராஜெக்ட்டுகளில் பயன்படுத்த வேண்டாம் என்று 2020-ல் அதன் டீமே சொல்லிவிட்டது.

* ஒவ்வொன்றாக நீக்குங்க: கோடில் இம்போர்ட் இல்லை என்பதற்காக அது தேவையில்லை என்று அர்த்தமில்லை, பில்டு டூல்கள் மறைமுகமாகக் கூப்பிடலாம். ஒன்றை எடுங்க, பில்டும் டெஸ்ட்டும் ஓட்டுங்க, அப்புறம் அடுத்தது.

* பிரித்து வையுங்க: டெஸ்ட் டூல், ஃபார்மேட்டர் எல்லாம் 'டெவ்டிபென்டென்சீஸ்' பகுதியில் இருக்கட்டும். சர்வருக்கு அவை போகத் தேவையில்லை.

* லாக் ஃபைலை மதியுங்க: '^4.17.1' என்று எழுதினால், அதிலிருந்து 5-க்குக் கீழே எந்த வெர்ஷனும் ஓகே என்று அர்த்தம். துல்லியமாக எது வர வேண்டும் என்பது லாக் ஃபைலில்தான் இருக்கிறது. அதை கிட்டில் சேருங்க. சர்வரில் 'என்பிஎம் சிஐ' பயன்படுத்துங்க.

* காரணத்தை எழுதுங்க: ஜேசன் ஃபைலில் கமென்ட் போட முடியாது. ஒரு பழைய வெர்ஷனிலேயே நிறுத்தி வைத்திருந்தால், ஏன் என்பதை கமிட் மெசேஜிலோ ரீட்மீயிலோ சொல்லுங்க. அடுத்து வருபவர் பிழைத்துக்கொள்வார்.

இது யார் வேலை?

பெரும்பாலும் 'நேரம் கிடைக்கும்போது' ஜூனியர் தலையில் கட்டப்படும் வேலை இது. நேரம் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். நீக்கிய வரிகளுக்கு அப்ரைசலில் மார்க்கும் கிடையாது. அதனால், ஸ்பிரின்ட் பிளானில் இதற்கென ஒரு டிக்கெட் போட வேண்டியது மேனேஜர்கள்தான். புது பேக்கேஜ் சேர்க்கும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் 'இது இல்லாம முடியாதா?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டியது நாம் எல்லாரும்.

ஏனென்றால், பட்டியலை அலட்சியப்படுத்துவது டெவலப்பராக இருந்தாலும், வாலட் காலியாவது அந்த ஃபைலைப் பார்த்தே இராத யூசருக்குத்தான்.