குண்டம் மிதிப்பவருக்கு ஓட்டு உண்டா?

மார்கழியில் பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் மிதிக்கத் திரளும் கூட்டத்தைக் கோபி வட்டாரத்தார் அறிவார்கள். நாற்று நடும் பெண்கள், கரும்பு வெட்டும் கூலிகள், தறி ஓட்டுகிறவர்கள் என்று உழைப்பாளி மக்கள் விரதமிருந்து தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் பக்தியைக் கேலி செய்வது நம் வேலையல்ல. கேலி செய்து நாம் கண்ட பலனும் ஒன்றுமில்லை.

நாம் கேட்பது வேறு. சட்டசபைத் தேர்தலில் பண்ணாடிக்கும் ஒரு ஓட்டு, பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. ஆனால் அதே பண்ணையாள் உண்டியலில் போடும் காசை என்ன செய்வது, கோயில் நிலத்தை யாருக்குக் குத்தகை விடுவது என்று தீர்மானிப்பதில் அவருக்கு என்ன குரல் இருக்கிறது?

1959-ம் வருடத்து அறநிலையச் சட்டம் இன்றுள்ளபடி, அறங்காவலர் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடி, ஒருவர் பெண். நல்ல விதிதான். ஆனால் அத்தனை பேரும் நியமனம்! பல கோயில்களில் இன்னும் பரம்பரை அறங்காவலர்கள் வேறு.

பஞ்சாபைப் பாருங்கள். குருத்வாராக்களை ஆண்ட மகந்துகளை எதிர்த்துச் சீக்கிய விவசாயிகள் போராடினார்கள். 1921-ல் நன்கானா சாகிபில் ரத்தம் சிந்தினார்கள். 1925-ல் வந்த குருத்வாரா சட்டம் நிர்வாகக் கமிட்டியைச் சீக்கிய ஆண்களும் பெண்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அதே 1925-ல் நம் சென்னை ராஜதானியிலும் கோயில் சட்டம் வந்தது. அங்கே ஓட்டு, இங்கே போர்டு.

ஓட்டு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. 2011-ல் தேர்தல் நடந்த பிறகு பத்தாண்டுக்கு மேலாகியும் அங்கே அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2016-ல் சகஜ்தாரி சீக்கியரின் ஓட்டுரிமையைப் பார்லிமெண்டே சட்டம் போட்டுப் பறித்தது. கிடைத்த உரிமையையும் காவல் காத்தாக வேண்டியிருக்கிறது.

இப்போது, "சர்க்காரே, கோயிலை விட்டு வெளியேறு" என்று ஒரு கோஷம் கேட்கிறது. வெளியேறினால் சாவி யார் கைக்குப் போகும்? பக்தர்களிடம் என்கிறார்கள். எந்தப் பக்தர்களிடம்? 1939 ஜூலை 8 வரை மதுரை மீனாட்சி கோயில் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றவரும் பக்தர்தானே! அவர் பேரனுக்கு அந்தச் சாவியில் பங்கு உண்டா? கோயிலுக்கு வரும் எல்லாச் சாதி ஆண் பெண்களுக்கும் ரகசிய ஓட்டு, பரம்பரைப் பதவி ரத்து என்று இந்தக் கோஷக்காரர்கள் ஒரு மேடையிலாவது சொல்லட்டும். அந்த மேடைக்கு நாமும் வரத் தயார்.